எரிந்த மலையில் ஏறுபாதை

மட்டக்களப்பு வாவிக்கு வடமேற்கே, யுத்தத்தின் காரணமாக 2007 ஜூலை வரை வெளியூராருக்கு அடைபட்டுக் கிடந்து, இன்று பிரயாணிகள் உற்சாகத்தோடு ஏறிவரும் குடும்பிமலையின் அடிவாரப் புல்வெளிகளில், கச்சான் காற்று வீசுங் கோடையில் தீ பற்றுமாயின், அது அணைந்த மறுவாரமே பாதையைத் திறந்துவிடல் தகாதென்பது என் திடமான அபிப்பிராயம். காய்ந்த இலுக்கம்புல் மேலே கரியானாலும், மண்ணுக்குள் அதன் வேர்த்தண்டு உயிரோடிருந்து, ஒரு மழை கண்டதும் ஊசிமுனையாய்ப் பசுங்குருத்தை நீட்டும். அக்குருத்தை மிதிக்கும் பாதங்களே சாம்பல் போர்த்த சரிவையும் இளக்கிவிட, மாரிவெள்ளத்தில் அம்மண் ஓடைக்கும் ஆற்றுக்கும் ஈற்றில் வாவிக்கும் சென்று, இறால் பெருகும் கண்டல் வேர்களடியிற் சேறாகப் படியும். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றோருள் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீக்கு இரையான துக்கமும் நம் நெஞ்சை விட்டகலவில்லை. ஆதலின் வடகீழ்ப் பருவமழை ஒன்று கழியும்வரை பாதையை மூடிவைத்து, திறக்குங் காலத்தும், எந்த ஓடை எப்போது வற்றும், காற்று எப்பக்கம் திரும்பும் என்பதைத் தலைமுறையாய் அறிந்த பட்டிக்காரரையே தக்க வேதனத்துடன் வழிகாட்டிகளாக நியமிப்பது அரசாங்கத்தின் கடமையாகும்.