ஈ.பி.க்கு எத்தனை வெப்சைட்? அசல் எது, போலி எது என்று முழிக்கும் ஜனங்கள்

மீஞ்சூர்:

அத்திப்பட்டு அனல் மின் நிலையம் மீஞ்சூர்க்காரர்களுக்கு பக்கத்து வீடு மாதிரி. கரண்ட் தயாராவது கூப்பிடு தூரத்தில். ஆனால் அந்த கரண்டுக்கு பில் கட்ட செல்போனை எடுத்தால், எந்த வெப்சைட் அசல் என்று தலை சுற்றுகிறது.

மின்வாரியத்தின் பெயர் மாற மாற, இணைய முகவரியும் மாறியதுதான் காரணம். 1957-ல் தொடங்கிய வாரியம் 2010 நவம்பரில் பிரிந்து 'டான்ஜெட்கோ' வந்தது. 2024-ல் அதுவும் பிரிந்து, பில் வசூல் 'டி.என்.பி.டி.சி.எல்.' கைக்குப் போனது. டி.என்.இ.பி.நெட் டாட் ஆர்க், டான்ஜெட்கோ டாட் ஜி.ஓ.வி. டாட் இன், டி.என்.பி.டி.சி.எல். டாட் ஆர்க் என்று முகவரிகளும் பெருகின. 2022-ல் ஆதாரை இணைக்கச் சொன்னபோது அதற்குத் தனியாக இன்னொன்று!

'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிந்தால் அது அரசு முகவரி. மற்றவர்களுக்குக் கிடைக்காது. 'டாட் ஆர்க்' அப்படியல்ல. காசு கட்டினால் யாரும் வாங்கலாம். ஒரு எழுத்தை மாற்றிப் போட்டு போலி கடை விரிப்பது சுலபம்.

2022-ல் "இன்று இரவு 9.30 மணிக்கு கரண்ட் கட்" என்று மெசேஜ் அனுப்பி, போன் செய்தவர்களின் பேங்க் பணத்தை ஒரு கும்பல் சுருட்டியது. 'போன மாத பில்' பாக்கி என்றது அந்த மெசேஜ். இங்கே வீடுகளுக்கு ரீடிங் எடுத்ததோ 2 மாதத்துக்கு ஒரு முறை. பயத்தில் அதையே கவனிக்காதவர்கள், ஒரு எழுத்து மாறியதையா கவனிக்கப் போகிறார்கள்?

அதற்காக பழைய முகவரிகளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. புதுப்பிக்க மறந்தால் வேறு ஆள் வாங்கிவிடுவான். ஜனங்கள் பழக்கதோஷத்தில் அங்கேயே போய் விழுவார்கள். 2015-ல் கூகுள் டாட் காம் முகவரியே 12 டாலருக்கு விலை போய், குஜராத்காரர் ஒருவர் கையில் ஒரு நிமிடம் இருந்தது.

பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி கிடுக்கிப்பிடி போட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லோரும் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவு. மின்வாரியமும் ஒரே அரசு முகவரியை வைத்துக்கொண்டு, பழையதில் நுழைந்தாலும் அங்கேயே போய்ச் சேரும்படி செய்யலாம். அந்த முகவரியை மீட்டர் அட்டையிலேயே அச்சடித்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

மெசேஜில் சந்தேகம் என்றால் மின்னகம் 94987 94987. பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930.