கம்ப்யூட்டர் பெட்டியைக் குறை சொல்ல முன்...

பழைய இன்ஜெக்ஷன் வேன் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாம் முதலில் பழி போடுவது கம்ப்யூட்டர் பெட்டியில்தான். பெயிலான பிள்ளை வினாத்தாளைக் குறை சொல்வது போல. புதுப் பெட்டிக்குக் காசைக் கொட்டிய பிறகும் வேன் அசையாது.

1975 முதல் அமெரிக்காவில் விற்ற எல்-ஜெட்ரோனிக் வோக்ஸ்வாகன் வேனையே எடுப்போம். எயார் ஃபில்டரைக் கழற்றி, சாவியைத் திருப்பி வைத்து, காற்றை அளக்கும் கருவியின் தகட்டைக் கையால் மெல்லத் தள்ளினால் பெற்றோல் பம்ப் இரைய வேண்டும். இரையாவிட்டால் ரிலே, வயர், எர்த் பார்ப்போம். இரைந்தால் பிளக்கில் நெருப்புப்பொறி வருகிறதா என்று பார்ப்போம். ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் பம்பை ஓடவிட முன் ஹோஸ்களைப் பார்த்தே ஆகவேண்டும். உள்ளே சுமார் 2.5 பார் அழுத்தம். வெடித்த ரப்பரால் கசியும் பெற்றோல் தீப்பிடித்தால் திருத்துவதற்கு வேனே மிஞ்சாது.