குரைத்தது நாய் மட்டுமா?



பக்கத்து வீட்டு நாயால் வரும் சண்டையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக் கொண்டிருந்தேன். நாய் சத்தத்தால் தூக்கம் கெட்டவர்களும், நாய் வளர்த்ததால் தெருவில் கெட்ட பெயர் எடுத்தவர்களும் நம் வாசகியரில் இருப்பார்கள். இரண்டு தரப்புக்கும் என் அனுபவம் உதவும் என்று நம்பி எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் ஊர் இராஜபாளையம். பஞ்சாலையும் நாயும்தான் எங்கள் ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை. பால் வெள்ளை உடம்பும், ரோஸ் கலர் மூக்குமாக எங்கள் ஊர் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன ஜாதி. ஓடுவதற்கென்றே பிறந்த நாய். அந்த ஜாதி நாயைத்தான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு தீபாவளிக்கு முன்னால் வாங்கி வந்தார்கள். வெள்ளையன் என்று பேர் வைத்தார்கள்.

அந்த வீட்டு அக்கா ஒரு பள்ளியில் டீச்சர். அவர் கணவரும் வேலைக்குப் போகிறவர். பெண் காலேஜில் படிக்கிறாள். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், அடுத்த தெருவில் திருட்டு வேறு போயிருந்தது. அதனால்தான் நாய் வாங்கினார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை.

என் கணவர் மில்லில் வேலை பார்க்கிறார். மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுப்பார். பக்கத்து வீட்டில் எல்லோரும் கிளம்புவது ஒன்பது மணிக்கு. கேட்டை ஒட்டி இருக்கிற கொய்யா மரத்தில் வெள்ளையனைக் கட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே அந்த மரம். ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்தால் மத்தியானம் வரை குரைப்புதான். சைக்கிள் போனால் குரைப்பு, காய்காரர் வந்தால் குரைப்பு. ஒருவரும் போகாவிட்டால் ஊளை. ஜன்னலைச் சாத்தினோம், பஞ்சு வைத்துப் பார்த்தோம். ஒன்றும் பிரயோஜனமில்லை.

தூக்கமில்லாமல் வேலைக்குப் போன மனிதர் ஒரு ராத்திரி மிஷின் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்துவிட்டார். கை உள்ளே போகப் பார்த்தது. கூட வேலை செய்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினார். காலையில் வந்து அவர் அதைச் சொன்னபோது, கீழே வெள்ளையன் குரைக்க ஆரம்பித்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இனி என் தப்புகளைச் சொல்கிறேன்.

முதல் தப்பு, அந்த அக்காவிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லாதது. பூக்காரம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது, "கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றுதான். அது அங்கே போய்ச் சேரும்போது, "நாயை விரட்டலேன்னா போலீசுக்குப் போவாங்களாம்" என்று ஆகிவிட்டது.

இரண்டாவது தப்பு, ஜாடை பேசியது. காலையில் கோலம் போடும்போது, "சிலதுங்களுக்கு நாய் வளக்கத் தெரியும், மனுஷங்களோட இருக்கத் தெரியாது" என்று சத்தமாகச் சொல்வேன். அந்த அக்காவும் சும்மா இருப்பாரா? நாயைத் தடவிக் கொடுத்தபடி, "நீ குரைடா தங்கம், யாரு கேக்கறான்னு பாப்போம்" என்பார். அவர் வீட்டுப் பெண் என் மகனுக்குச் சும்மாவே கணக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தாள். அது நின்றது. பொங்கலுக்கு இங்கிருந்து பாத்திரம் போகவில்லை, அங்கிருந்தும் வரவில்லை. எட்டு வருஷப் பழக்கம்.

மூன்றாவது, வீட்டு ஆண்களைப் பேச விட்டது. தூக்கம் கெட்ட ஒருவரும், வேலை முடிந்து களைத்து வந்த ஒருவரும் கேட்டில் நின்று பேசினால் என்ன ஆகும்? கை நீளுகிற அளவுக்குப் போய், தெருவே கூடி விலக்கி விட்டது.

இந்த நேரத்தில்தான் தெருவில் ஒருவர் என்னிடம் மெதுவாக ஒரு யோசனை சொன்னார். "எதுக்கும்மா சண்டை? பிஸ்கட்டுல கலந்து சுவத்துக்கு அந்தப் பக்கம் போட்டா முடிஞ்சு போச்சு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

சகோதரிகளே, "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எறும்புப் புற்றுக்கு அரிசி நொய் போடுகிற வீட்டில் பிறந்தவள் நான். ஐந்து மாதத்துக் கோபம் என்னை எங்கே கொண்டு வந்து நிறுத்தியது பாருங்கள்.

அன்று மத்தியானம் வத்தல் காயப் போட மாடிக்குப் போனேன். முதல் தடவையாக வெள்ளையனைத் திட்டாமல் பார்த்தேன். சங்கிலி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து எட்டாத தூரத்தில் கிடந்தது. நிழல் நகர்ந்துபோய் முதுகில் முழு வெயில். என்னைப் பார்த்ததும் குரைத்தான், வாலையும் ஆட்டினான். "சனியனே" என்று தினமும் நான் கத்தியதற்கு இதுதான் பதில். இத்தனை நாள் அவன் எங்களை எழுப்பக் குரைக்கவில்லை, ஆள் கூப்பிட்டிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது.

செல்போனில் ஐந்து நிமிஷம் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம், எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது, எத்தனை மணிக்கு ஓய்கிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன். மத்தியானம் சுவர் ஓரமாக நின்று ஒரு குவளை தண்ணீரும் ஊற்றி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மோர்மிளகாய் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறினேன். வேலை விட்டு வந்ததும் வராததுமாகப் போய் நிற்காமல், அவர் ஓய்வாக இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

"அக்கா, வெள்ளையன் பகல்ல ரொம்பக் கஷ்டப்படுறான்க்கா" என்றுதான் ஆரம்பித்தேன். 'எங்களுக்குத் தூக்கமில்லை' என்று ஆரம்பித்திருந்தால் கதவு சாத்தப்பட்டிருக்கும்.

"நாங்க இருக்கும்போது அவன் வாயே திறக்க மாட்டானே!" என்றார். உண்மைதான். அவர்கள் வீட்டில் இருக்கும்போது அவன் பரம சாது. அதனால் நான் சொல்லி அனுப்பியதெல்லாம் வேண்டுமென்றே கிளப்பிய வம்பு என்று அவர் நினைத்திருக்கிறார். போனில் இருந்த சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். மில்லில் கண் அசந்த விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். "இத எங்கிட்ட யாருமே சொல்லலியேம்மா. போலீசுக்குப் போறீங்கன்னுதான் சொன்னாங்க" என்றார். இரண்டு பேருக்குமே கண் கலங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வெள்ளையனைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். வியாதி ஒன்றுமில்லை. வருஷா வருஷம் போட வேண்டிய வெறிநாய்க்கடி தடுப்பூசியையும் போட்டு, டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: தெருவைப் பார்க்கிற மாதிரி கட்டினால் போகிற வருகிறவரை எல்லாம் குரைக்கும். ஓட வேண்டிய நாயை ஓட விடாமல் கட்டினாலும் குரைக்கும். தனிமையும் தாகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது பின்பக்கம் துவைக்கிற கல் பக்கத்தில், நிழலில் கட்டுகிறார்கள். மரத்தில் சுற்றிக்கொள்ளாதபடி நீளக் கம்பி கட்டி அதில் சங்கிலி ஓடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். காலை ஐந்தரைக்கு அந்த அண்ணன் அவனை முக்கால் மணி நேரம் நடத்திக் கூட்டிப் போகிறார். கவிழாத சிமெண்ட் தொட்டியில் தண்ணீர். கடித்துக் கொண்டிருக்க ஒரு பழைய டயர்த் துண்டு வேண்டாம், விழுங்கிவிடும் என்று கெட்டியான ரப்பர் பந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பகல் ஒரு மணிக்கு நான் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவேன். என் மகன் மறுபடியும் கணக்குக்குப் போகிறான்.

குரைப்பு அடியோடு நின்றுவிட்டதா? இல்லை. நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும். காஸ் சிலிண்டர் வந்தால் குரைப்பான், பூனையைப் பார்த்தால் குரைப்பான். ஆனால் நாலு மணி நேரம் ஓயாமல் கேட்டது இப்போது ஐந்து, பத்து நிமிஷம்தான். இதற்கே ஒரு மாதம் பிடித்தது. என் கணவர் இரண்டு மணி வரை தூங்குகிறார். எங்களுக்கு அது போதும்.

"தப்பு அவங்க மேல. நான் ஏன் இறங்கிப் போகணும்?" என்று என் நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யார் தூக்கம் கெட்டது? எங்களுடையது. வலிக்கிறவர்தான் வாய் திறந்து, வலிக்கிற இடத்தைக் காட்ட வேண்டும். வீட்டில் இல்லாதவருக்கு அது தானாகத் தெரியாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். என் தம்பி ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறான், அவனிடம் விசாரித்தேன். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கிறார்கள். என் கணவருக்கோ பகல்தான் ராத்திரி. சட்டத்தின் கடிகாரத்துக்கு நைட் ஷிப்ட் தெரியாதே!

நாய் வளர்ப்பவர்களுக்கும் சட்டம் உண்டு. எப்போதும் கட்டியே போட்டிருக்கும் நாயை உரிய அளவு நடக்க, ஓட விடாமல் வைத்திருப்பது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் வர வேண்டும் என்று மாநிலங்களவையில் முன்னால் நின்று மசோதா கொண்டு வந்தவர், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். வாயில்லா ஜீவனுக்காக அன்றைக்கே ஒரு பெண் பேசியிருக்கிறார் என்பது நமக்குப் பெருமை.

விஷம் வைக்க யோசனை சொல்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி, விலங்கைக் கொல்வதோ விஷம் வைப்பதோ ஐந்து வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அந்த பிஸ்கட்டை ஒரு குழந்தை எடுத்துத் தின்றால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நாய் வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அது என்ன செய்கிறது என்று பக்கத்து வீட்டில் நீங்களே போய்க் கேளுங்கள். அவர்கள் வந்து சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே, தினமும் அதனோடு நடக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். காவலுக்கு என்று கட்டிப் போட்ட நாய் நாள் முழுக்கக் குரைத்தால், திருடன் வருகிற அன்றைக்கு யார் எட்டிப் பார்ப்பார்கள்?

சத்தத்தால் கஷ்டப்படும் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். மூன்றாம் ஆளிடம் சொல்லி அனுப்பாதீர்கள். தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு மானத்தை வாங்காதீர்கள். கோபம் சேர்ந்து ஐந்து மாதம் ஆகும்வரை விடாமல், முதல் வாரமே நேரில் போங்கள். "எப்பப் பார்த்தாலும் குரைக்குது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று குறித்துக் காட்டுங்கள். இரண்டு தடவை பக்குவமாகச் சொல்லியும் கேட்காவிட்டால் தெருப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மேலேதான் நகராட்சியும் போலீஸ் ஸ்டேஷனும். மனு கொடுத்து ஜெயிக்கலாம். ஆனால் ராத்திரியில் ஆபத்து அவசரம் என்றால் முதலில் தட்ட வேண்டியது அந்த வீட்டுக் கதவைத்தானே?

ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க அந்தச் சத்தத்தோடும், அந்தச் சண்டையோடும் வீட்டில் இருப்பது பெரும்பாலும் நாம்தான். அதனால் பேசித் தீர்ப்பதையும் நாமே ஆரம்பிப்பது நல்லது. ஐந்து மாதம் ஜாடை பேசி நான் கெடுத்துக்கொண்டதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிச் சரி செய்ய முடிந்தது. அந்த அரை மணி நேரத்தை முதல் வாரமே ஒதுக்கியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

— ஒரு வாசகி, இராஜபாளையம்.