நடுச்சாமத்துப் பிரசங்கம்

லாஸ்பேட்டையிலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். விஷயம் வெளிப்பார்வைக்கு மிக அற்பமானது. அதாவது, அவருடைய தாயார் இரவில் தூக்கம் பிடிக்காமல் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடுவது வழக்கம் என்றும், நடுச்சாமத்துக்கு மேல் அதில் வந்து பேசுகின்ற ஒரு வைத்தியரின் பேச்சை நம்பி, சர்க்கரை வியாதிக்கென்று போன் மூலம் ஒரு சூரணம் வாங்கினார் என்றும், அது வந்து சேர்ந்த அன்றே டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றும், பன்னிரண்டாம் நாள் தலைசுற்றி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்து வந்தார் என்றும் எழுதியிருக்கின்றார். சூரணத்தோடு செல்வம் சேர்வதற்கென்று ஒரு செப்புத் தகடும் வந்ததாம். அது இலவசமாம்! கடைசியாக அவர் நம்மைக் கேட்பது என்னவென்றால், இந்தப் பெட்டியைத் தூக்கி வெளியில் எறிந்துவிடலாமா என்பதுதான்.

எறிய வேண்டாம் என்பதே நமது பதில்.

ஏனென்றால், வேடிக்கை பார்ப்பதையும் சிரிப்பதையும் குற்றமென்று சொல்லுகின்ற வைதீக புத்தி நமக்கு எப்போதும் இருந்ததில்லை. பகலெல்லாம் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் நின்று வேலை செய்துவிட்டு வருகின்ற ஒருவன், இரவில் படுத்துக்கொண்டே வடிவேலுவின் நகைச்சுவையைக் கைப்பேசியில் பார்த்துச் சிரிக்கின்றான் என்றால், அவனுக்கு அது வேண்டியதுதான். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்தே ஜனங்களுக்குப் பல விஷயங்களைப் புரிய வைத்தார். நூறு பிரசங்கத்தில் ஏறாதது ஒரு சிரிப்பில் ஏறிவிடுவதுண்டு.

2019-ம் வருடம் மே மாதக் கடைசியில் நடந்த ஒரு வேடிக்கையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முகநூலில் யாரோ ஒருவர் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்கப்போக, ஒரு தமிழர், இதன் பெயர் சுத்தியல், இது விழுந்துதான் எங்கள் காண்டிராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்று பதில் எழுதினார். நேசமணி என்பவர் 2001-ல் வந்த ‘ப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு போட்ட வேஷம். இது தெரியாத ஒருவர், ஐயோ, அவர் இப்போது எப்படி இருக்கின்றார் என்று விசாரிக்க, அவ்வளவுதான், நேசமணி பிழைக்க வேண்டுமென்று உலகமெங்கும் உள்ள தமிழர்கள் பிரார்த்தனை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். டெல்லியில் புதிய மந்திரிசபை பதவியேற்கின்ற அன்றைக்குக்கூட அந்தச் செய்தியோடு நேசமணி போட்டியிட்டுக்கொண்டிருந்தார். இதைப் பார்த்து, படித்த பிள்ளைகள் இப்படிப் பொழுதை வீணாக்கலாமா என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். நமக்கோ அதில் கொஞ்சமும் கோபமில்லை. இல்லாத ஒருவருக்காக லட்சக்கணக்கான பேர் பிரார்த்தனை செய்தார்கள் என்பது மெய்தான். ஆனால் அவர் இல்லை என்பது தெரிந்தே செய்தார்கள். மற்றப் பிரார்த்தனைக்காரர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதானே? அன்றியும் இந்தப் பிரார்த்தனைக்கு உண்டியலும் இல்லை, தரகரும் இல்லை.

நிற்க, நமது தோழரின் தாயார் பார்த்தது இந்த ஜாதி வேடிக்கையல்ல. சில தொலைக்காட்சிகளில் நடுச்சாமத்துக்கு மேல் நிலையத்தார் தாங்களே ஒன்றும் நடத்துவதில்லை. அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தை விலைக்கு விற்றுவிடுகின்றார்கள். வாங்குகின்றவர் சூரணம் விற்கலாம், தகடு விற்கலாம், ராசிக்கல் விற்கலாம். இதில் சொல்லப்படுவதற்கு நிலையம் பொறுப்பல்ல என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். ஒரு வீட்டுக்காரன் தன் திண்ணையைத் திருடனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, திண்ணையில் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல என்று பலகை மாட்டினால், ஊரார் அதை ஒப்புக்கொள்வார்களா?

ஏன் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கின்றார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்நேரத்துக்கு விலை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்நேரத்தில் விழித்திருப்பவர் யார் என்பது. நோயாளி விழித்திருப்பார். கடன்காரன் விழித்திருப்பான். பிள்ளையில்லை என்று புகுந்த வீட்டில் ஏச்சு வாங்கிய பெண் விழித்திருப்பாள். வயதானவர்கள் விழித்திருப்பார்கள். இவர்களெல்லாம் தனியாக விழித்திருப்பார்கள் என்பதுதான் முக்கியம். மாலை ஏழு மணிக்கு அந்த வைத்தியர் வந்து பேசினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்ற பேத்தி, “ஆயா, இவன் புளுகுறான்” என்று ஒரே வார்த்தையில் கடையை மூடிவிடுவாள். ஒரு மணிக்குப் பேத்தி தூங்கிக்கொண்டிருக்கின்றாள்.

முன்காலத்து மந்திரவாதிக்கு ஒரு தொல்லை இருந்தது. அவன் நம் தெருவுக்கு வந்துதான் தகடு கட்ட வேண்டும். பலிக்காவிட்டால் அடுத்த சந்தை நாளில் பிடித்துக் கேட்கலாம். இப்போது அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கின்றான். நாம் கேட்பது அவன் காதில் விழாது. அவனுக்குப் போன் செய்து, ஐயா, உங்கள் மருந்தில் குணமானேன் என்று நாத்தழுதழுக்கப் பேசுகின்றவர் உண்மையில் நோயாளியா அல்லது அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கின்ற குமாஸ்தாவா என்பதும் பார்க்கின்றவருக்குத் தெரியாது. கைப்பேசியில் வருகின்ற வீடியோவோ இதற்கு ஒரு படி மேலே போய்விட்டது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு தகடு வியாபாரியைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டால், இவருக்கு இதுதான் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, மறுநாள் பத்துத் தகடு வியாபாரிகளை அந்த யந்திரமே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகின்றது. மெய்யாகவே யந்திர வேலை என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு இரவு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமே ஒருவர் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டார். 2008-ம் வருடம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி, இந்தியா டி.வி. என்கின்ற இந்தித் தொலைக்காட்சியில், பண்டிட் சுரிந்தர் சர்மா என்ற மாந்திரீகர், மந்திரத்தாலேயே ஒரு மனிதனை மூன்று நிமிஷத்தில் கொன்றுவிட முடியும் என்றார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் கேரளத்துப் பகுத்தறிவுவாதியான சனல் இடமருகு. அவர் வாதமே செய்யவில்லை. “சரி, என்னைக் கொல்லும்” என்றார்.

மாந்திரீகர் மந்திரம் சொன்னார். தண்ணீர் தெளித்தார். கத்தியை வீசிக் காட்டினார். மூன்று நிமிஷம் ஆயிற்று, முப்பது நிமிஷம் ஆயிற்று, சாக வேண்டியவர் சிரித்துக்கொண்டே இருந்தார். மந்திரம் பலிக்கவில்லையென்று கண்டதும் தலைமயிரைக் கலைத்து நெற்றிப்பொட்டில் கையை வைத்து அழுத்த ஆரம்பிக்க, நிகழ்ச்சி நடத்துகின்றவர், தொடாமல் கொல்ல வேண்டும் என்று தடுக்க வேண்டியதாயிற்று! மணிக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது. நிலையத்தாரும் இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்காதென்று கண்டு, மற்ற நிகழ்ச்சிகளைத் தள்ளிவிட்டு இதையே காட்டினார்கள். கடைசியில் மாந்திரீகர் சொன்ன சமாதானம், இவர் கும்பிடுகின்ற தெய்வம் பலமானது, அது இவரைக் காப்பாற்றுகின்றது என்பது. நான் எந்தத் தெய்வத்தையும் கும்பிடுகின்றவனல்ல, நாஸ்திகன் என்றார் இவர். அப்படியானால் பகலில் பலிக்காது, இரவில்தான் செய்ய வேண்டும் என்றார் அவர். சரி, இன்று இரவே ஆகட்டும் என்று இதற்கும் ஒப்புக்கொண்டார் இவர்.

அன்று இரவு திறந்தவெளியில் நெருப்பு வளர்த்தார்கள். இடமருகுவின் பெயரை எழுதிக் கிழித்து எரித்தார்கள். மயிலிறகால் தடவினார்கள். மாவால் ஒரு பொம்மை செய்து வெட்டினார்கள். நடுநிசி நெருங்க நெருங்க, நடத்துகின்றவர் விநாடியை எண்ணினார். பன்னிரண்டு அடித்தது. செத்தது மாந்திரீகம்தான்.

அந்தக் காட்சி இன்றும் யூடியூபில் இருக்கின்றது. நாம் பார்த்த நடுச்சாம வேடிக்கைகளில் இதற்கு மேலான ஒன்றைச் சொல்ல முடியாது. சிரிப்பு இருக்கின்றது, திகில் இருக்கின்றது, கடைசியில் ஒரு உயிரும் பிழைக்கின்றது. இதில் நாம் கவனிக்க வேண்டியது இடமருகுவின் தைரியத்தை மட்டுமல்ல. மாந்திரீகனைப் பேச வைத்துப் பணம் பார்க்கின்ற அதே தொலைக்காட்சி, அவனைச் சோதித்துப் பார்த்தாலும் ஜனங்கள் விழித்திருந்து பார்க்கின்றார்கள் என்று அன்று தெரிந்துகொண்டது. அப்படியிருந்தும் சோதனையை விட்டுவிட்டுத் தகட்டை எடுத்துக்கொண்டது ஏன் என்றால், சோதிக்கின்றவன் நேரத்துக்கு வாடகை கொடுக்க மாட்டான்.

இதற்கெல்லாம் சட்டமில்லையா என்று கேட்கலாம். சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. 1954-லேயே மருந்து மற்றும் மந்திர சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கின்ற சட்டம் ஒன்று செய்யப்பட்டது. அதே வருடம் நவம்பர் 1-ந் தேதிதான் நமது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு மாறிற்று. குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத வியாதிகளென்று அச்சட்டத்தில் உள்ள அட்டவணையில் சர்க்கரை வியாதியும் இருக்கின்றது. 1994-ல் வந்த கேபிள் தொலைக்காட்சி விதிகளில், மூடநம்பிக்கையை வளர்க்கின்ற நிகழ்ச்சியைக் காட்டக் கூடாது என்று ஒரு விதியும், அற்புத சக்தி உண்டென்று ஜனங்கள் எண்ணும்படி பொருளை விளம்பரம் செய்யக் கூடாது என்று மற்றொரு விதியும் இருக்கின்றன. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொருவருடைய கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தாய்விட்டது. மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அங்கே மாந்திரீகத் தடைச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தைக் கொண்டு பம்பாய் ஹைக்கோர்ட்டின் அவுரங்காபாத் பெஞ்சு, அனுமார் யந்திரம் என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து விற்பது சட்டவிரோதம் என்று 2021 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லிற்று. வழக்குப் போட்டவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர்.

இவ்வளவும் இருந்தும் சூரணம் லாஸ்பேட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டதே! சட்டத்துக்குக் காலில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வேண்டும்போது அது ஓடும். 2020 ஜூலையில், ஒரு பக்திப் பாட்டைப் பற்றி யூடியூபில் இழிவாகப் பேசினார்கள் என்று சென்னையில் சிலர் மேல் வழக்கு வந்தது. அவர்களில் ஒருவர் நமது அரியாங்குப்பம் போலீசாரிடம் வந்து சரணடைந்தார். குண்டர் சட்டமும் பாய்ந்தது. அவர்கள் பேசிய முறையை நாம் மெச்சவில்லை. ஆபாசத்தைக் கண்டிக்க வந்தவர்கள் தாங்களும் அதே பாஷையில் இறங்கினால், கண்டிக்க வேண்டிய விஷயம் மறைந்துபோய், பாஷை மட்டுமே பேச்சாய்விடும். ஆனால் மனம் புண்பட்டதென்றால் சில நாளில் ஓடி வருகின்ற சட்டம், உடம்பு புண்பட்டதென்றால் இத்தனை வருடமாக நொண்டுவானேன் என்பதற்கு யார் பதில் சொல்லுவது?

லாஸ்பேட்டை ஒன்றும் காடல்ல. தாகூர் கலைக் கல்லூரி அங்கே இருக்கின்றது. மோதிலால் நேரு பாலிடெக்னிக் இருக்கின்றது. ஊருக்கே விமான நிலையம் அங்கேதான் இருக்கின்றது. அங்கே இறங்குகின்ற விமானம் தகட்டினால் பறப்பதில்லை என்பது ஓடுதளத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் 2019 அக்டோபரில் பிரான்சு தேசத்தில் ரபேல் போர் விமானத்தை வாங்கப் போன நமது ராணுவ மந்திரி, அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த காட்சியையும் இதே கைப்பேசியில்தானே பார்த்தோம்? மந்திரி பழத்தை வைத்தால் மரபு, ஆயா தகட்டை வாங்கினால் அறியாமை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இப்போது தோழருக்கு. சூரண டப்பாவையும், பார்சல் உறையையும், பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நுகர்வோர் புகாரைப் பதிந்துகொள்ளுவார்கள். நிகழ்ச்சி வந்த நாளையும் மணியையும் குறித்து, மேலே சொன்ன 1954-ம் வருடச் சட்டத்தின் பெயரைப் போட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கும் ஒரு மனு எழுதவும். ஒரு மனுவில் ஒன்றும் ஆகாது என்பார்கள். அந்த உபாத்தியாயரும் ஒரு மனுதான் போட்டார்.

பெட்டியை எறிய வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவாவது தாயார் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். புதுக்கோட்டைச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு பெரியவரும் அவர் பேரன்மாரும் வயல் நடுவில் அண்டா வைத்துச் சமைப்பதைக் காட்டுங்கள். உலகமே அதைப் பார்க்கின்றது. மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்று தமிழில் பேசுகின்ற டாக்டர்களும் அதே கைப்பேசியில் இருக்கின்றார்கள், அவர்களையும் தேடிப் போடுங்கள். 2008-ம் வருடத்து அந்த இரவையும் காட்டுங்கள். அது இந்தியில் இருக்கின்றது என்று தயங்க வேண்டாம். ஒருவன் கொல்லப் பார்ப்பதையும் மற்றொருவன் சிரிப்பதையும் தெரிந்துகொள்ள பாஷை எதற்கு?

அதைப் பார்த்துவிட்டு அம்மையார் என்ன சொன்னார் என்பதை நமக்கு எழுதவும். செல்வம் சேர்க்கின்ற அந்தச் செப்புத் தகட்டையும் நமது ஆபீசுக்கு அனுப்பிவையுங்கள். சந்தா பாக்கி நிறைய நிற்கின்றது. வசூலாகின்றதா என்று பார்த்து, அடுத்த வாரம் இதே பக்கத்தில் தெரிவிக்கின்றோம்.