போலீஸ் நாய் ஏன் நின்றுவிட்டது?

மோப்ப நாய் வந்தது. மோப்பம் பிடித்தது. மெயின் ரோடு வரை ஓடியது. அங்கே நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.

திருட்டுச் செய்தி படிக்கிறவர்களுக்கு இது மனப்பாடம். கடலூரில் திருட்டு நடந்தாலும் இதுதான். சிதம்பரத்தில் நடந்தாலும் இதுதான். படித்துவிட்டுப் பலர் சிரிக்கிறார்கள். "நாய்க்குப் போட்ட கறியும் சோறும் தண்டம்" என்கிறார்கள்.

நாய் ஏன் நின்றது? குற்றம் நாயின் மேலா, நம் மேலா?

மூக்குதான் கண்

மனிதனின் மூக்கில் வாசனையை அறியும் நுண்ணிய உறுப்புகள் சுமார் 50 லட்சம் இருக்கின்றன. நாயின் மூக்கில் 20 கோடி முதல் 30 கோடி வரை இருக்கின்றன. நமக்குக் கண் எப்படியோ, அப்படி நாய்க்கு மூக்கு.

கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போனால் நமக்கு மீன் வாடை ஒன்றுதான் தெரியும். நாய்க்கு அப்படி அல்ல. மீன் தனி, உப்பு தனி, டீசல் தனி, கூடையைத் தூக்கி வருகிறவரின் வியர்வை தனி. எல்லாவற்றையும் பிரித்து அறியும்.

திருடன் கையுறை போடலாம். முகமூடி போடலாம். ஆனால் அவன் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். அவன் நடந்த இடமெல்லாம் அவை விழும். அந்த வாசனையைத்தான் நாய் தொடர்ந்து போகிறது.

வாசனையைக் கெடுப்பது யார்?

சிதம்பரத்தில் ஒரு வீட்டில் இரவில் திருட்டு என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு வீட்டுக்காரர் பார்க்கிறார். அலறுகிறார். தெருவே கூடுகிறது. "பீரோவை எப்படி உடைத்தான்?" என்று ஆளுக்கு ஆள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். திருடன் போட்டுவிட்டுப் போன துணியை ஒருவர் எடுத்து மடித்து வைக்கிறார். வீட்டு அம்மாள், போலீசார் வருகிறார்களே என்று வாசலைப் பெருக்கிவிடுகிறார்.

மாவட்டத் தலைநகரமான கடலூரிலிருந்து நாய் வர வேண்டும். சுமார் 45 கிலோமீட்டர். அது வந்து சேரும்போது வெயில் ஏறிவிடுகிறது. ஈரமான தரையில் வாசனை தங்கும். வெயிலும் காற்றும் அதைக் கலைத்துவிடும். வெயிலில் நாய்க்கும் இளைக்கும். நாக்கைத் தொங்கவிட்டு வாயால் மூச்சு வாங்குகிற நாய், மூக்கால் நன்றாக மோப்பம் பிடிக்க முடியாது.

ஒரு திருடனின் வாசனை மேல் ஐம்பது பேரின் வாசனை. நாய் என்ன செய்யும்?

இன்னொன்றும் இருக்கிறது. நாய் மெயின் ரோட்டில் நின்றால், அதைத் தோல்வி என்று சொல்லிவிடக் கூடாது. திருடன் அங்கே மோட்டார் சைக்கிளில் ஏறியிருக்கலாம். காலடி அதோடு முடிந்தது. "இது வரை நடந்து வந்தான்" என்று நாய் காட்டுகிறது. அந்த இடத்துக் கடைகளின் கேமராக்களைப் பார்ப்பது போலீசாரின் வேலை. நாய் நின்ற இடத்தில்தான் மனிதனின் வேலை தொடங்குகிறது.

படிப்பு அல்ல, விளையாட்டு

நாய்க்கு எப்படிப் பயிற்சி கொடுக்கிறார்கள்? அடித்து அல்ல. விளையாட்டுக் காட்டித்தான்.

குட்டிக்குப் பிடித்த பந்து ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். தேட வேண்டிய பொருளின் வாசனையை அறிமுகப்படுத்துகிறார்கள். வரிசையாகப் பெட்டிகளை வைத்து, ஒன்றில் மட்டும் அந்தப் பொருளை ஒளித்து வைக்கிறார்கள். சரியான பெட்டியைக் காட்டினால் உடனே பந்து கிடைக்கும். தட்டிக்கொடுப்பார்கள். தவறினால் ஒன்றும் கிடைக்காது. "இந்த வாசனையைக் கண்டுபிடித்தால் விளையாட்டு" என்பது நாயின் மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு பெட்டி வீடாகும். வீடு தெருவாகும். தெரு ரெயில் நிலையமாகும்.

எல்லா நாய்க்கும் எல்லா வேலையும் கொடுப்பதில்லை. திருடனின் தடம் பிடிக்கும் நாய் வேறு. வெடிகுண்டு தேடும் நாய் வேறு. கஞ்சா தேடும் நாய் வேறு. வெடிமருந்தைக் கண்டால் நாய் குரைக்கக் கூடாது, தொடக் கூடாது. சத்தம் போடாமல் அருகில் உட்கார வேண்டும். இடிந்த கட்டிடத்துக்குள் உயிரோடு இருப்பவரைக் கண்டால், வாய் ஓயாமல் குரைக்க வேண்டும்.

சிதம்பரம் நடராஜர் கோவிலில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் பெருங்கூட்டம் கூடும். அப்படிப்பட்ட இடங்களில் சோதனைக்குத் தேவைப்படுவது வெடிகுண்டு தேடும் நாய். அதைத் திருடனின் பின்னால் ஓடச் சொன்னால் ஓடாது. டாக்டர் எல்லோரும் ஆபரேஷன் செய்வதில்லையே, அது போலத்தான்.

கோர்ட்டு என்ன சொல்கிறது?

நாய் ஒருவரைப் பார்த்துக் குரைத்துவிட்டது. அவர்தான் குற்றவாளியா?

அதுதான் இல்லை. நாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. குறுக்கு விசாரணை செய்ய முடியாது. துப்புத் துலக்க நாயின் உதவியைப் போலீசார் பெறலாம். ஆனால் நாய் காட்டியதற்குக் கோர்ட்டு பெரிய மதிப்புக் கொடுக்கத் தேவை இல்லை. ஆந்திர மாநில வழக்கு ஒன்றில் 2001-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தெரிவித்த கருத்து இது.

இதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் நடத்திய சோதனை 2011-ல் வெளிவந்தது. 18 நாய்களும் அவற்றின் பயிற்சியாளர்களும் கலந்துகொண்டார்கள். தேடிய இடத்தில் வெடிமருந்தும் இல்லை, போதைப் பொருளும் இல்லை. ஆனால் இருப்பதாகப் பயிற்சியாளர்களிடம் சொல்லிவைத்தார்கள். விளைவு? மொத்தம் 144 தேடல்கள். "ஒன்றும் இல்லை" என்று சரியாக முடிந்தவை 21 மட்டுமே!

நாய் பொய் சொல்லுமா? சொல்லாது. ஆனால் அது தன் எஜமானின் முகத்தைப் பார்க்கும். எஜமான் ஓர் இடத்தில் தயங்கி நின்றால், "இங்கேதான் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்ளும். பயிற்சி நாய்க்கு மட்டும் போதாது; மனிதனுக்கும் வேண்டும்.

துருக்கியில் நடந்தது

திருட்டை விடப் பெரிய வேலை ஒன்றும் நாய்க்கு உண்டு. அதுதான் உயிரைத் தேடுவது.

2023 பிப்ரவரி 6-ந் தேதி துருக்கியில் பூகம்பம். நமது தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் விமானத்தில் பறந்தார்கள். ஜூலி, ரோமியோ என்ற நாய்களும் சென்றன. ஓர் இடத்தில் இடிபாட்டின் மேல் ஜூலி நின்று குரைத்தது. அதை மட்டும் நம்பிவிடவில்லை. ரோமியோவைத் தனியாகக் கொண்டுவந்தார்கள். அதுவும் அங்கேயே குரைத்தது. தோண்டினார்கள். 6 வயதுச் சிறுமி உயிரோடு கிடைத்தாள். பூகம்பம் நடந்து 3 நாள் ஆகியிருந்தது!

2024 ஜூலை 30-ந் தேதி வயநாட்டில் மலை சரிந்தது. அங்கே கேரள போலீசின் மாயா, மர்பி என்ற நாய்கள் சேற்றில் புதைந்த உடல்களைத் தேடின. "உடலாவது கிடைக்காதா?" என்று காத்திருந்த குடும்பங்களுக்கு அதுவும் ஓர் ஆறுதல்.

நம் ஊருக்கு வேண்டாமா?

கடலூர் மாவட்டம் அடிபட்ட மாவட்டம். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியில் இங்கே 600-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அப்போது தேசியப் பேரிடர் மீட்புப் படை என்பதே கிடையாது. 2006-ல்தான் அமைந்தது. அதன் 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது.

2011-ல் தானே புயல் வந்தது. 2015-ல் வெள்ளம் வந்தது. புயல் சொல்லிவிட்டு வருகிறது. படையை முன்னதாகவே கொண்டுவந்து நிறுத்தலாம். ஆனால் கட்டிடம் சொல்லிவிட்டு இடிவதில்லை. 2020 செப்டம்பரில் காட்டுமன்னார்கோவில் அருகே குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்தது. கட்டிடம் தரைமட்டமானது. வேலைக்குப் போன பெண்கள் பிணமாகத் திரும்பினார்கள்.

இடிபாட்டில் சிக்கியவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் உயிர். அரக்கோணத்திலிருந்து வர வேண்டும் என்றால் பல மணி நேரம் போய்விடும். ஆகவே, உயிர் தேடும் பயிற்சி பெற்ற நாய்கள் இந்தக் கடற்கரை மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்று போதாது. ஜூலிக்கு ஒரு ரோமியோ வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது அது. நாம் செய்ய வேண்டியது இது:

திருட்டு நடந்த வீட்டுக்குள் போகாதீர்கள். எதையும் தொடாதீர்கள். பெருக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். கட்டிடம் இடிந்த இடத்தில், மீட்புப் படையினர் சொன்னால் விலகி நில்லுங்கள். சத்தம் போடாதீர்கள். உள்ளே ஓர் உயிர் முனகிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த முறை, "நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது" என்று படித்தால் சிரிக்க வேண்டாம். அதன் வழியில் எத்தனை பேர் கால் வைத்தார்கள் என்று கேளுங்கள்.