அறிவித்தல் வேறு, அழைத்தல் வேறு

பட்டம் பெறுதல் ஒருவர்க்கு வாய்க்கும் பேறு. அதனைப் பிறர்க்கு உரைத்தல் ஒரு பண்பு. பேற்றினை அளிக்கப் பல்கலைக்கழகங்கள் உள. பண்பினைக் கற்பித்தற்கு வீடும் ஊருமே பள்ளி. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பட்டதாரிகள் ஆண்டுதோறும் பெருகுதல் கண்டு மகிழ்பவருள் யானும் ஒருவன். ஆயினும், அவர்தம் வீடுகளிலிருந்து வரும் இதழ்களைப் படிக்குந்தோறும் அவற்றில் ஒரு மயக்கம் நிலவக் காண்கின்றேன். அறிவித்தலையும் அழைத்தலையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கமே அது.

அறிவித்தல் என்பது செய்தி. அதனைப் பெறுபவர் கேட்டு மகிழ்ந்தாற் போதும். விரும்பின் நாலு வரி வாழ்த்தெழுதலாம். அழைத்தல் என்பதோ வேண்டுகோள். அதனைப் பெற்றவர் வருதல் வேண்டும். வாராவிடின் காரணங் கூறல் வேண்டும். வருங்கால் வெறுங்கையோடு வருதல் ஆகாதென்பது நம்மூர் வழக்கு. ஆகவே, செய்தி மட்டும் சொல்லற்குரிய ஒருவர்க்கு விருந்தழைப்பை அனுப்புதல், அவர்தலையில் ஒரு கடனை ஏற்றுதலேயாம்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலே தேறினார். பட்டம் பெற்றோர் அருகியிருந்த அத்தகைய காலத்தில், ஒருவர் தேறிய செய்தியை எவரும் அச்சிட்டுப் பரப்ப வேண்டுவதில்லை, ஊரே பேசும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1981இல் வந்தாறுமூலையிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஒரே ஒழுங்கையில் மூன்று பட்டதாரிகளைக் காணலாம். செய்தி தானே பரவும் காலம் போயிற்று. நாம்தாம் சொல்லல் வேண்டும். பட்டமளிப்பு மண்டபத்துள்ளே பட்டதாரியோடு செல்லத்தக்கார் ஒரு சிலரே. ஏனையோர்க்கெல்லாம் அப்பேறு சொல்லாலேயே எட்டுதல் வேண்டும்.

அவ்வாறு சொல்லப்படற்குரியார் யாவர்? உறவினரும் நண்பரும் உளர். அவர்க்கும் முன்னே நிற்பவர் ஏடு தொடக்கிய ஆசிரியர். படுவான்கரையிலே ஓய்வுபெற்று வாழும் முதியவர் ஒருவரை யான் அறிவேன். அவர் கைபிடித்து அரிசியில் எழுதுவித்த பிள்ளை பட்டம் பெற்றான். வீட்டார் நகரத்து மண்டபத்தில் விருந்தும் செய்தனர். முதியவர் அதனைச் சந்தைக்குப் போனவிடத்திற் பிறர்வாய்க் கேட்டறிந்தார். “விருந்துக்குக் கூப்பிடாததில் எனக்குக் குறையில்லை, தம்பி. பொடியன் பாஸ் பண்ணிட்டான் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றார். வீட்டாரை வினவியபோது அவர் கூறிய விடை என்னை வியப்பித்தது. “ஐயா பென்சனிலே சீவிக்கிறவர். காட் குடுத்தா அன்பளிப்புக்கு எங்க போவார் எண்டுதான் விட்டனாங்கள்” என்றனர். அவர் நெஞ்சில் வஞ்சமில்லை, இரக்கமே இருந்தது. அழைப்பு ஒன்றையே அறிந்தாராதலின், அழைக்கத் தயங்கியபோது அறிவிக்கவும் மறந்தனர்.

மடல் எழுதும் முறையினை நம்முன்னோர் நன்கறிவர். பதினோராந் திருமுறையின் முதற்கண் உள்ள திருமுகப் பாசுரம் பெரும்பாலார் அறிந்ததே. ஆலவாய் இறைவன் பாணபத்திரர் பொருட்டுச் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகப் போற்றப்படும் அம்மடலில், விடுப்பவர் யார், பெறுபவர் யார், கொண்டுவருபவர் யார், வேண்டுவது யாது என்பவை சில அடிகளுள்ளே ஐயத்துக்கிடமின்றி அமைந்துள்ளன. பொருள் கொடுத்து அனுப்புக என்பதும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. அதுவும் தமக்கன்று, பிறர்க்கு. நம் அழைப்பிதழ்களோ பொருளை வாய்விட்டுக் கேளாமல், வாயிலிலே பூட்டிய பெட்டியொன்றை வைத்துக் கேட்கின்றன. “அன்பளிப்பைத் தவிர்க்கவும்” என அச்சிட்ட வீட்டிலும் அப்பெட்டியை யான் கண்டதுண்டு.

இதழின் முகவரியும் கருதத்தக்கது. அச்சிட்ட உறைகளிலே “திரு., திருமதி” என்பதன்பின் பெயரை நிரப்பி அனுப்புதல் எளிது. ஆனால் இது போரும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் பல வீடுகளை வெறுமையாக்கிய மண். கணவனை இழந்தாள் ஒருத்தியின் கையில் அவ்வுறையைக் கொடுத்தல் எத்துணைக் கொடிது! அவள் பெயரையே எழுதுக. “குடும்பத்தினர்” எனப் பொதுப்படக் கூறாது, அழைக்கப்படுவார் யாவரென்பதையும் தெளிவுறுத்துக. தாய்மாமனும் தாய்வழிக் குடியினரும் முன்னிற்கும் நம் நாட்டில், அச்சொல் யாரை உள்ளடக்கும் என்பதே பெரும் வழக்காகிவிடும்.

அழைக்கும் முறையும் ஒன்றுண்டு. வட்டாவிலே வெற்றிலை பாக்கு வைத்து, மூத்தோர் முன் நீட்டி, “மாமா, கட்டாயம் வரவேணும்” என்பது நம் மரபு. தொலைவிலிருப்பார்க்கு மடலோ தொலைபேசியோ போதும். செல்பேசிக் குழுவொன்றில் ஒரே படத்தை இருநூறு பேர்க்கு அனுப்பி “அனைவரும் வருக” என்பது ஒருவரையும் அழைத்ததாகாது. திருவள்ளுவர் விருந்தினர் நெஞ்சத்தை அனிச்சமலரினும் மென்மையதாகக் கண்டார். முகம் வேறுபட்டு நோக்கினாலே அது குழையுமெனின், முகமே காட்டாத அழைப்பு என்செய்யும்?

ஆதலின் யான் வேண்டுவது இது. பெறுபேறு உறுதியானவுடன், வாழ்த்துவார் அனைவர்க்கும் சுருங்கிய அறிவித்தல் ஒன்று செல்லட்டும். அதில் விருந்தின் பேச்சே வேண்டா. ஏடு தொடக்கியவர்க்கும் பள்ளியாசிரியர்க்கும் அதனைப் பட்டதாரியே தம் கையால் எழுதுக. விருந்து செய்ய இயன்றவர், உளமார வரவேற்கக்கூடிய அளவினரை மட்டும் தனியே அழைக்க. இயலாதவர் விருந்தின்பொருட்டுக் கடன்பட வேண்டா, அறிவித்தலே நிறைவுடையது.

பெறுவார்க்கும் ஒரு கடமையுண்டு. அறிவித்தலைக் கண்டு, “எமக்கு அழைப்பில்லையே” என முகஞ்சுளித்தல் பெருமையன்று. வாழ்த்தி ஒரு வரி எழுதுதலே பெருமை. ஊரார் அவ்வாறு வாழ்த்தப் பழகின், ஏழை வீட்டுப் பட்டதாரியும் கூச்சமின்றித் தன் பேற்றைச் சொல்வான். மாணவச் செல்வங்காள்! இவ்வாண்டு பட்டம்பெறும் ஒவ்வொருவரும் முதல் மடலை நும் முதலாசிரியர்க்கு எழுதுமின். அவர் வாழும் நாளிலேயே எழுதுமின்.