மாநிலம் தாண்டினால் சொந்த மாவட்டம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படிக்கும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரம்பிக்குளத்துக்கு அழைத்துப் போக வேண்டுமா? பஸ் முதலில் தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். பரம்பிக்குளம் இருப்பது அதே பாலக்காடு மாவட்டத்தில்தான். சாலை மட்டும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் போகிறது. 1956ல் கோடு கிழித்தவர்கள் பள்ளிச் சுற்றுலாவை நினைத்திருக்க நியாயமில்லை.

பலரும் கன்னிமாரா தேக்கைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அடிமரத்தின் சுற்றளவு சுமார் 7 மீட்டர். கட்டிப்பிடிக்க ஐந்தாறு பிள்ளைகளாவது வேண்டும். ஆனால் உண்மையான பாடம் அணைக்கட்டில் இருக்கிறது. அணை கேரள மண்ணில். நிர்வாகம் தமிழ்நாட்டின் கையில். 1970ல் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆழியாறு வழியாக மணக்கடவில் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் குறையும் ஆண்டில் வீட்டில் அப்பா ஏன் கவலைப்படுகிறார் என்று தெரிந்த பிள்ளைக்கு இந்த எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லித்தர வேண்டாம்.

இடுக்கியில் தேவிகுளம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இரவிகுளம் தேசியப் பூங்கா கூப்பிடு தூரம். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடிவிடுவார்கள்; ஆசிரியர்கள் தேதி குறிக்கும்போது கவனிக்கட்டும். குறிஞ்சிக்கு அவசரமில்லை. 2018ல் பெருமளவில் பூத்தது, 12 ஆண்டுக் கணக்குப்படி இனி 2030ல்தான்.